அடிச்சட்டத்தின் கடைசி இலக்கம்

அனுப்புநர்:
திருமதி உதயகுமாரி குகநேசன்,
அம்மருட், ஒஸ்லோ.

பெறுநர்:
பிரிவுத் தலைவர் அவர்கள்,
வாகன அடையாளப் பரிசோதனைப் பிரிவு,
ஒஸ்லோ.

பொருள்: காலஞ்சென்ற என் கணவர் குகநேசன் கட்டிய காரின் அடிச்சட்டத்தை அழிக்கும் முடிவை நிறுத்திவைத்து, மறு சோதனை செய்யக் கோருவது.

பார்வை: தங்கள் 03.03.2025 திகதிய கடிதம்.

பெருமதிப்புக்குரிய அம்மணி,

தங்கள் கடிதம் என் கணவர் பெயருக்கு வந்தது. அவர் இறந்து பதின்மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆகவே நானே பிரித்தேன், நானே பதில் எழுதுகிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்நாட்டில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நாள் முழுதும் நோர்வே மொழியில்தான் கதைக்கிறேன். இந்த மனுவையும் அந்த மொழியில் இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது ஒரு பைத்தியக்காரி எழுதியது போல எனக்கே இருந்தது. மொழிபெயர்ப்பவர் யாராயினும் என் சொற்களை மென்மையாக்காமல் உள்ளபடி பெயர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. 2022 ஒக்டோபரில் என் கணவர், ஒஸ்லோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு பண்ணையில், ஆர்னே என்ற முதியவரிடம் ஒரு காரின் அடிச்சட்டத்தை வாங்கினார். உதிரிகளாக விற்கப்பட்டு, வாங்கியவரே ஒன்றுசேர்த்துப் பூட்டிக்கொள்ளும் வகைக் கார் அது. முதியவர் அதை இளவயதில் இங்கிலாந்திலிருந்து தருவித்து, பூட்டாமலே களஞ்சியத்தில் போட்டுவைத்திருந்தார். பத்திரங்கள் நிலவறையில் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டன என்றார். தம் கையால் ஒரு விற்பனைக் கடிதம் எழுதித் தந்தார். அதில் "ஒரு சட்டம், துருப்பிடித்தது, பத்திரம் இல்லை" என்று இருக்கிறதே தவிர இலக்கம் இல்லை. இன்று அவர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நான் நேரில் போய்க் கேட்டேன். என்னைத் தம் மகள் என்று எண்ணிக் கையைப் பிடித்துக்கொண்டார், காரைப் பற்றி எதுவும் நினைவில்லை.

2. பத்திரமில்லாத சாமானை வாங்க வேண்டாமென்று நான் அன்றே என் கணவரோடு சண்டை பிடித்தேன். "நாங்களும் ஒரு கடுதாசியும் இல்லாமல்தானே இஞ்சை வந்தனாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மனிதரோடு யார் வாதாடுவது? பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் வண்டிகளைத் திருத்தியவர். சொந்தமாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

3. இனி எழுதப்போவது என் குற்றம். சட்டத்தைக் கராஜுக்குள் இறக்கிய அன்று, அவர் துருவைச் சுரண்டிச் சுரண்டி இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினேன்: 4160924. கூட்டினேன். இருபத்தாறு. மறுபடி கூட்டினால் எட்டு. எங்கள் சனத்தில் பலர் எட்டை வாகனத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். எண் சாத்திரத்தில் அது சனியின் எண். தாங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. என் தம்பி சயூரன் 2009இல் பனியில் சறுக்கி விபத்தில் செத்துப்போனபோது ஓட்டிய காரின் இலக்கமும் கூட்டினால் எட்டுத்தான். அந்த இலக்கத் தகட்டைக் காவல்துறையினர் என் கையில்தான் தந்தார்கள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

4. "இந்தக் காரில நான் செத்தாலும் ஏறமாட்டன்" என்று அன்று சொன்னேன். இந்தச் சொற்களையே சொன்னேன்.

5. இரண்டு நாட்களின் பின், பின்னேரம் நாலு மணியளவில், கராஜிலிருந்து மூன்று அடிச் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம். என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லையப்பா, ஆணி அடிச்சனான்" என்றார். நம்பிவிட்டேன். இரும்புச் சட்டத்தில் எவன் ஆணி அடிப்பான் என்று கேட்கத் தோன்றவில்லை.

6. பதினாறு மாதம் கட்டினார். கட்டுவதற்கான அனுமதியை முறையாகக் கேட்டுப் பெற்றார். அந்த விண்ணப்பத்தில் இலக்கத்தை 4160925 என்று எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. 2024 பெப்ரவரி ஆறாம் திகதி பணிமனையில் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர், எழும்பவில்லை. கூட்டினால் ஒன்பது வரும்படி மாற்றிவைத்தும் போய்விட்டார். எட்டை அழித்ததால் அது அவரைப் பிடித்ததா, அழிக்காமல் விட்டிருந்தால் இருந்திருப்பாரா என்று நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்குத் தங்களிடம் பதில் எதிர்பார்க்கவில்லை.

7. மிச்ச வேலையை அவருடைய பணிமனைத் தோழர் சூசைரட்ணம் முடித்துத் தந்தார். பரிசோதனைக்கு இழுவை வண்டியில் ஏற்றுமுன், "ஒருக்கா ஏறி இருந்து பாருங்கோ அக்கா" என்றார். மறுத்தேன், பிறகு ஏறினேன். அம்மணி, என் கணவர் ஆறடி உயரம். நான் ஐந்தடிக்கும் குறைவு. அந்தக் காரின் மிதிகள் என் காலின் அளவுக்குப் பொருத்தப்பட்டிருந்தன. இருக்கையை அசைக்க முடியாதபடி முடுக்கியிருந்தார். அவரால் அதை ஓட்டியிருக்கவே முடியாது. நான் அந்த இருக்கையில் இருந்து ஊர் கேட்க அழுதேன்.

8. பரிசோதனையாளர் மரியாதையானவர். அவர்மீது எனக்குக் குறையில்லை. சட்டத்தை விளக்கொளியில் பார்த்து, கடைசி இலக்கத்தை விரலால் தடவி, இது மட்டும் அரத்தால் தேய்த்து மறுபடி அடிக்கப்பட்டது என்றார். நானும் குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் சற்றே சாய்ந்த ஓர் ஐந்து. மூன்று அடிச் சத்தம் என்னவென்று அப்போதுதான் விளங்கிற்று. சூசைரட்ணம் அவ்விடத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இரும்பில் இலக்கம் அடிக்கும் அச்சை இரவல் கொடுத்தவர் அவரே. "மனுசி ஏறமாட்டன் எண்டு நிக்கிறா, ஒரு இலக்கம்தானே சூசை" என்று என் கணவர் கேட்டு வாங்கினாராம். இதை எழுத்தில் ஒப்பமிட்டுத் தந்திருக்கிறார். ஒரு நண்பனுக்கு இரங்கியதற்காக அவரைத் தண்டிக்க வேண்டாம்.

9. அன்றிலிருந்து வாகனம் தங்கள் காவலில் இருக்கிறது. கராஜ் வெறுமையாக இருக்கிறது. ஆனாலும் நாலு மணிக்கு அந்த மூன்று அடி எனக்குக் கேட்கிறது. சலவை இயந்திரம் நின்ற கையோடு கேட்கும், சில நாள் தேநீர் ஊற்றும்போது கேட்கும். கதவைத் திறந்து பார்ப்பேன், எண்ணெய்க் கறைதான் தரையில் இருக்கும். மருத்துவரிடம் சொன்னேன். மாத்திரை தந்தார். நித்திரை வருகிறது, சத்தம் நிற்கவில்லை. இதையும் எழுதுகிறாளே என்று எண்ண வேண்டாம். ஒன்றை மறைத்ததால்தானே இவ்வளவும் வந்தது.

10. முப்பது நாளுக்குள் நேர்வழியில் வந்ததற்கு ஆதாரம் காட்டாவிட்டால் அடிச்சட்டம் நசுக்கப்படும் என்றும், கோப்பில் என் கணவர் "வாகன அடையாளத்தை மாற்றியவர்" என்று பதியப்படுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். களவெடுத்த சட்டமாக இருந்தால் ஏழு இலக்கத்தையும் தேய்த்திருப்பாரே? மற்ற ஆறு இலக்கங்களையும் தொடாமல் விட்ட கள்வன் யார்?

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது:

இரும்பில் அடித்த இலக்கத்தை அரத்தால் தேய்த்தாலும் அடியில் அதன் அழுத்தம் தங்கியிருக்குமாம். மேற்பரப்பை மினுக்கி அமிலம் பூசினால் பழைய இலக்கம் சிறிது நேரம் எழும்பித் தெரியுமாம். அந்தச் சோதனையைச் செய்யுங்கள். நான்கு தெரிந்தால், நான் சொல்வது உண்மை. பிறகு அந்த முழு இலக்கத்தைக் கொண்டு எந்த நாட்டின் களவுப் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். பதிவு செய்வதானால் 4160924 என்றே பதிவு செய்யுங்கள். எட்டோடு நான் ஓட்டுவேன்.

கோப்பில் ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டுமெனில் என் பெயரை எழுதுங்கள். அச்சைப் பிடித்தது அவர் கை, அடிக்க வைத்தது என் வாய்.

கடைசியாக ஒன்று. மினுக்கும்போது அந்த ஐந்து போய்விடும் என்று சூசைரட்ணம் சொன்னார். வேறு வழியில்லை என்றும் சொன்னார். இரண்டு நாள் யோசித்துச் சம்மதிக்கிறேன். ஆனால் தேய்ப்பதற்கு முன் என்னை அழையுங்கள். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வருவேன். இரும்பில் அவர் எனக்கென்று எழுதியது அது ஒன்றுதான். அதன்மேல் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு விலகி நிற்கிறேன். பிறகு தேய்க்கச் சொல்லுங்கள்.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
உதயகுமாரி குகநேசன்

இடம்: அம்மருட், ஒஸ்லோ
திகதி: 17.03.2025

இணைப்புகள்:
அ. ஆர்னே அவர்களின் விற்பனைக் கடிதம்.
ஆ. சூசைரட்ணம் அவர்களின் ஒப்பமிட்ட வாக்குமூலம்.
இ. குறொன்லாண்ட் பகுதிக் கடையொன்று தந்த நாட்காட்டியின் 15.10.2022ஆம் திகதித் தாள். பின்புறத்தில் ஏழு இலக்கங்களும் கூட்டலும் என் கையெழுத்தில் உள்ளன. மூலத்தாளே இணைக்கப்பட்டிருக்கிறது, பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன்.