கீழ்வீட்டு ஐயா கொடுத்த பவர்

ஜூன் 9, 2024, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். இட்லி கொடுக்கக் கீழே போனேன். வீட்டுக்காரர் பொன்னுத்துரை ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ரமேஷ்குமார் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். ஐயாவின் இறந்துபோன மனைவி காத்தாயியம்மாவின் தங்கை மகன், மேட்டுப்பாளையத்துக்காரன். பெற்ற பிள்ளைகூடச் செய்யாது. ஐயாவுக்குப் பிள்ளையும் இல்லை.

“பெரியம்மா பேர்ல இருக்கிற இந்த வீடு, தோட்டத்துப் பட்டாவ பெரியப்பா பேருக்கு மாத்தோணுமுங்கக்கா. இவரால ஆபீஸ் ஆபீஸா அலைய முடியுமா? ஒரு பவர் எழுதிக் குடுத்துட்டா நானே பார்த்துக்குவேனுங்க” என்றான். நல்லதுதானே என்று நானும் சொன்னேன்.

ஜூன் 13

பவர் பதிவாகிவிட்டதாம். காரில் கோத்தகிரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தானாம். ஐயா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஜூன் 21, வெள்ளி

ஐயாவின் தேயிலைக்குள் இரண்டு பேர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். யார் என்று கேட்டேன். காட்டேஜ் கட்ட இடம் பார்க்கிறார்களாம், ரமேஷ் சார் சொல்லி வந்தார்களாம். அவர்களில் ஒருவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதான் வாடகைக்கு இருக்கறதா? எப்பங்க காலி பண்றீங்க?”

ஐயா தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 22

சொன்னேன். ஐயாவிடம் சொல்லியிருக்கக் கூடாதோ?

“பட்டா மாத்தணும்னா அளக்கத்தானே வேணும் புள்ள” என்றார். காட்டேஜ் கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “நீ இப்பிடிச் சொல்லுவேன்னு தம்பி முன்னமே சொன்னான். வீடு போயிரும்னு அவங்களுக்குப் பயம் இருக்கும் பெரியப்பான்னான்.”

தேத்தண்ணி குடிக்கிறாயா என்று எப்போதும் கேட்பார். இன்று கேட்கவில்லை.

பயம் இல்லையா எனக்கு? இருக்கிறது. ஃபாக்டரியில் வேலை பார்த்தபோதே குடிவந்த மாடி. ரிட்டயர் ஆன பிறகு வேறு எங்கே போவது என்று யோசித்ததே இல்லை. அப்படியானால் நான் பேசியது அவருக்காகவா, எனக்காகவா? இரண்டுக்கும்தான். ஆனால் எனக்கும் லாபம் இருப்பதால் நடப்பது பொய்யாகிவிடுமா?

ஜூன் 24

கீழே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஜூன் 28, வெள்ளி

ரமேஷை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். அவன் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

“ஏனுங்கக்கா, குடும்ப விசயத்துல நீங்க எதுக்குங்க? இந்தக் குளிர்ல அவரு தனியா கெடக்கோணுமா? எங்க ஊர்ப் பக்கம் நல்ல ஹோம் ஒண்ணு இருக்குது. வித்துப்போட்டு அங்க சேர்த்துடலாம்னு இருக்கேன்.”

“ஐயாவுக்குத் தெரியுமா?”

“அப்பறமா பக்குவமா சொல்லிக்கலாமுங்க.”

அப்புறம்னா எப்போ? வித்த பிறகா?

சிலோன் தோட்டத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்த மனுஷன். புருஷனும் பெண்டாட்டியும் கூலிக்குக் கொழுந்து பறித்து, வாயைக் கட்டி வாங்கிய துண்டு நிலம். அதை விற்கிற விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. இதை எப்படி அவரிடம் சொல்வேன்? நம்பமாட்டாரே. நான் இந்த மாடியில் இருக்கிற வரைக்கும் நம்பமாட்டார்.

ஜூலை 1, திங்கள்

கட்டபெட்டில் அனுராதாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. அவளும் நானும் ஃபாக்டரியில் ஒரே செக்‌ஷன். பார்த்ததும் பேசி முடித்துவிட்டேன்.

சாயங்காலம் கீழே போனேன். “ஐயா, நான் மாடியக் காலி பண்றேனுங்க. வேற இடம் பார்த்தாச்சு. இந்த வீடு இருந்தாலும் போனாலும் இனி எனக்கு ஒண்ணுமில்லை. இப்பவாவது நான் சொல்றதக் கேளுங்க.” ஹோம் பற்றியும் சொன்னேன்.

ஐயா எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டார். எனக்கும் ஒரு கப் நீட்டினார்.

“எனக்குத் தெரியாம எனக்கு எடம் பாத்திருக்கானா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 3, புதன்

ஐயா கூப்பிட்டதால் அவரோடு பத்திரப்பதிவு அலுவலகம் போனேன். அதிகாரி என்னைப் பார்த்து, “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்றார். குடியிருக்கிறவள் என்றதும், “அப்ப வெளிய இருங்கம்மா. அவர்கிட்ட தனியாப் பேசணும்.”

சுருக்கென்றது. நான் என்ன கொள்ளையடிக்கவா வந்தேன்? பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, ரமேஷையும் இப்படித்தானே வெளியே உட்காரவைத்திருக்க வேண்டும்.

ஐயா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “விக்கிற அதிகாரமும் அதுல இருக்காம் புள்ள. அன்னிக்கும் சம்மதமான்னு கேட்டாங்க. தம்பி பக்கத்துல நிக்கிறான், எல்லாம் அவன் படிச்சுப் பாத்திருப்பான்னு தலையாட்டிட்டேன்.”

வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் இன்னும் எதுவும் விற்கப்படவில்லை. பவரை ரத்து செய்து பதிவு செய்தாயிற்று. அவனுக்கு நோட்டீசும் போகிறது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொன்னாராம் ஐயா. படித்தது வெளியே எனக்கே கேட்டது.

ஜூலை 7, ஞாயிறு

ரமேஷ் போனில் கத்தினான். ஐயா ஸ்பீக்கர் போட்டிருந்தார், மாடிவரை கேட்டது. ஐயா சத்தம் போடவில்லை.

“நீ வா தம்பி. சாப்பிடு, தங்கு. கையெழுத்து மட்டும் கேக்காத.”

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஏறி வந்தார். இந்த வயதில் படியேறி! “எல்லாந்தான் சரியாயிருச்சே. ஏன் போற?”

“நான் இருந்தா, வீட்டுக்காகத்தான் பேசறேன்னு அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிருமுங்க.”

அவர் குனிந்து ஒரு மூட்டையின் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

ஜூலை 19

கட்டபெட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மதியம் கதவைத் தட்டினால் ஐயா! பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். ஸ்வெட்டர், குல்லா, கையில் ஒரு பை நிறைய பீன்ஸ்.

பட்டா அவர் பெயருக்கு மாறிவிட்டதாம். தாலுகா ஆபீசுக்கு அவரே அலைந்தாராம். “ரெண்டு தரம் திருப்பி அனுப்பிச்சாங்க. மூணாந்தரம் போய் உக்காந்துட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ரமேஷ் போன வாரம் வந்தானாம். “சோறு போட்டேன். சாப்பிட்டு முடிச்சுட்டு, நகம் வெட்டிவிடவான்னு கேட்டான். நானே வெட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டேன்.” அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் மேல் அவருக்கு இன்னும் ஆசை இருக்கிறது. இருக்கட்டும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னார். “மாடிய யாருக்கும் விடல புள்ள. பூட்டியே கெடக்கு. அந்தப் பய சொன்னது சரியாயிரும்னியே, இப்ப எல்லாக் காகிதத்துலயும் எம் பேருதான் இருக்கு. எவன் என்ன சொன்னா என்ன?”

பஸ் வந்துவிட்டது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

மாத முடிவில் காலி செய்வதாக நாளைக்கு இந்த வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டும்.