அம்மா ரூம் காத்து

என் வாலுப்பொண்ணுக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, இளைப்பு எதுவும் இல்லாம மூச்சு விட்டுக்கிட்டிருந்தா அதுவே எனக்குப் போதும்மா. இங்க நான் இருக்கேன். உன் சித்தி தினமும் போன் பண்ணி சாப்பிட்டீங்களா மாமான்னு கேக்குறா, ம்னு சொல்றேன், என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குறா, அதுக்கும் ம்னுதான் சொல்றேன். பசுமைக்குடில்ல வெள்ளரி இந்தத் தடவை நல்லா ஏறியிருக்கு, பர்னரை எரிச்சு கார்பன் டை ஆக்சைடை உள்ள விட்டா வெயில்ல இலையெல்லாம் இழுத்து இழுத்துக் குடிக்குது. மூடின ரூம்ல நமக்குத் தலைவலி கொடுக்கிற அதே வாயு அதுங்களுக்குச் சோறு.

லீவுக்கு வந்தா அம்மா ரூம்லதான் படுப்பேன்னு எழுதியிருந்தே, அதனாலதான் இதை எழுத வேண்டியிருக்கு. அந்த ரூமை அம்மா போன அன்னைக்கே மூடிட்டேன். ஜன்னல் இடுக்குல டேப் ஒட்டி, தடித் திரையை இழுத்துவிட்டு, கதவுக்கடியில துணியைத் திணிச்சு. அவ கடைசியா விட்ட மூச்சு வெளிய போயிடக்கூடாதுன்னு. சிரிக்காதே, காத்தை அப்படி அடைச்சு வைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா, குடில்ல என் வேலையே காத்தை அளக்கிறதுதானே. அவ வளர்த்த செடித் தொட்டியெல்லாம் உள்ளேயேதான் இருந்துச்சு. குடில்ல கழிச்சுப்போட்ட கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒண்ணைக் கட்டில் பக்கத்துல வெச்சேன், வேலையிடத்துலேர்ந்தே போன்ல பார்க்கலாம். ஆளில்லாத ரூம்ல அளவு இறங்கி வெளிக்காத்து அளவுக்கு வந்து நிக்கணும். நிக்கலை, ஏறிச்சு. உள்ள ஒருத்தர் படுத்துத் தூங்கினா எப்படி மெதுவா ஏறுமோ அப்படி. மீட்டரைத் தெருவுல வெச்சுப் பார்த்தேன், சரியாத்தான் காட்டுது. அதுலயும் கதவை லேசாத் திறந்து தொட்டிங்களுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தா இன்னும் ஏறும், என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல மூச்சு இழுக்கிற மாதிரி. எனக்கு பயமே வரலைம்மா. தினமும் ஊத்தினேன். வேலைக்கு நடுவுல போனைப் பார்ப்பேன், ஏறியிருந்தா, சரி, அவ இருக்கான்னு நினைச்சுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போவேன். ஒரு நாள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உன் மார்க்கெல்லாம் சொன்னேன். அன்னைக்கும் ஏறிச்சு.

போன வாரம் என்கூட வேலை பார்க்கிற மொட்டை மாமாகிட்ட வாய்விட்டு எல்லாத்தையும் சொல்லி போனைக் காட்டிட்டேன். உள்ள செடி இருக்கான்னான், அலமாரி நிறைய இருக்குன்னேன். திரை மூடியிருக்கான்னான், ஆமான்னேன். தினமும் தண்ணி வேற ஊத்துறியான்னான். அப்புறம், ஏண்டா, புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே நீதானேடா சொல்லித் தருவே, வெளிச்சம் இல்லாட்டி செடியும் நம்மள மாதிரி மூச்சுதான் விடும், ஈரத்துல வேர் அழுகினா மண்ணும் விடும்னு, அப்படின்னு கேட்டுட்டு, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

வீட்டுக்கு வந்து திரையை விலக்கினேன். இலையெல்லாம் வெளுத்துக் கொழகொழன்னு கிடக்கு, மண்ணு மேல பூஞ்சை. அம்மா தடியான்னு கூப்பிடுவாளே, அந்தப் பெரிய செடி தொட்டதும் கையோட வந்துடுச்சு. அவ மூச்சுன்னு நான் காவல் காத்தது அவ வளர்த்ததுங்க செத்துக்கிட்டிருந்த மூச்சு. அந்தக் காத்துல நீ வந்து படுத்தா உன் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்னு அப்பதான் உறைச்சுது. டேப்பைக் கிழிச்சு ஜன்னலைத் திறந்தேன். அளவு சரசரன்னு இறங்கிச்சு. அப்பதான் முதல் தடவையா பயம் வந்துச்சு, இப்ப மூடினாக்கூட கொஞ்சம் மிஞ்சும்னு கை தானா ஜன்னலுக்குப் போச்சு. மூடலை. கொஞ்ச நேரத்துல ரூம் அளவும் தெரு அளவும் ஒண்ணாயிடுச்சு. இனிமே இதுதான் அவ மூச்சுன்னு எந்த மீட்டராலயும் பிரிச்சுக் காட்ட முடியாது. தெருவுல நடக்கும்போது ஆழமா இழுத்துக்கிறேன்.

இன்ஹேலரைப் பையிலேயே வெச்சுக்கோ, ஹாஸ்டல் ஜன்னலை அடைச்சுக்கிட்டுத் தூங்காதே, டிக்கெட் போட்டதும் சொல்லு. அம்மா விடாத மூச்சையெல்லாம் சேர்த்து நீ நல்லபடியா விடணும்.

ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கும்,
உன் அப்பா