இனிஷியலில் காணாமல் போனவர்

8 ஆகஸ்ட் 2006, செவ்வாய்

எண்ணூரில் காற்றின் தூசியை அளக்கும் அந்தோணி அண்ணனுக்கு இன்று வேலை போகப் பார்த்தது. யார் எத்தனை நாள் அளந்தார்கள் என்று கம்ப்யூட்டரில் நான் எடுத்த அட்டவணையில் அவர் மட்டும் இல்லை. வேலைக்கே வருவதில்லை என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

"இன்னாமா, டெய்லி மெஷினாண்ட நின்னுகினு கீறேன், நான் இல்லியா?" என்றார் அண்ணன். சட்டையெல்லாம் சாம்பல்.

மூலக் கோப்பைத் திறந்தேன். அவர் அளந்த வரிசைகள் எல்லாம் அப்படியே இருந்தன. நசரேன் மகன் அந்தோணி. அளந்தவர் பெயருக்கு நான் அடித்திருந்தது வெறும் இனிஷியல்: என், ஏ. ஆங்கிலத்தில் அந்த இரண்டெழுத்தைக் கண்டால் 'தகவல் இல்லை' என்று புரோகிராம் தள்ளிவிடும்! மேனேஜரிடம் காட்டினேன். அசடு வழிந்தார். அப்பாடா.

அண்ணன் சிரித்தார். "நைனா பேர முழுசா அடிச்சிடுமா. அவர ஒத்த எழுத்தா சுருக்குனதுக்கு என்னியே இல்லாம பண்ணிட்டாரு பாரு!"