புகைக்குள் ஓடிய மோட்டார்

அன்பு மகள் மைதெலினுக்கு,

அம்மா எழுதுவது. மான்டெவிடியோ குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருக்கிறாய் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்குகிறேன், இல்லையென்றால் முதலில் எழுந்துபோய் ஏதாவது சூடாகக் குடித்துவிட்டு வந்து படி. இங்கே நானும் உன் அப்பாவும் மூச்சோடும் சண்டையோடும் இருக்கிறோம், இரண்டுக்கும் குறைவில்லை. எதிர்வீட்டு நெரெய்டா உனக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருப்பாள், எங்கள் வாசலில் சைக்கிள் டாக்ஸி வந்து நின்றது, தூக்கி ஏற்றினார்கள் என்று. அவள் காதில் நுழைந்தது எதுவும் நுழைந்தபடியே வாயால் வெளியே வராது, உனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் கரண்ட் போனதும் போன் கோபுரமும் போய்விடுகிறது, பாதிக் கதையில் அறுந்தால் நீ அங்கே பயந்து சாவாய். அதனால்தான் நெரெய்டாவின் மருமகன் அங்கே வர விமானம் ஏறுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

அப்பா என்ன செய்கிறார் என்று நீ கேட்கும்போதெல்லாம் மீன் வளர்க்கிறார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேனே, எங்கே வளர்க்கிறார் என்று சொல்லவில்லை. உன் அறையில், உன் மேஜை மேல். நீ போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அறை அது. ஹவானாவில் சிநேகிதி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று நீ சொன்னதை நம்பி உன் பெட்டியை ரயில் நிலையம் வரைக்கும் தூக்கி வந்த மனிதர் இல்லையா, விமான நிலையத்திலிருந்து, நாட்டை விட்டே போகிறேன் என்று நீ எனக்குப் போன் செய்தாய், நான் அழுதேன், அழுது தீர்த்துவிட்டேன், அவருக்கு அழத் தெரியவில்லை. அன்றிலிருந்து போனைத் தொடுவதில்லை, நீ கூப்பிட்டால் முற்றத்துக்குப் போய்விடுவார், என்னிடமும் உப்பு, கதவு, மழை என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேச்சு இல்லை. இப்படி இருந்த மனிதர் ஒரு நாள் காலையில் உன் பதினைந்து வயசு விழாப் படங்கள் வைத்திருந்த அலமாரியின் கண்ணாடியைக் கழற்றினார் என்றால் எனக்கு எப்படி இருக்கும், நல்ல வார்த்தை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் திட்டினேன். படங்கள் என் துணிப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, கவலைப்படாதே. அந்தக் கண்ணாடியை அறுத்து, காருக்குக் கண்ணாடி ஒட்டுகிறவனிடம் பசை வாங்கித் தொட்டி செய்தார். முதல் தொட்டி இரவோடு இரவாக ஒழுகி உன் மெத்தையை நாசமாக்கியது. இரண்டாவது நின்றது. ஓடைக்கரை மண்ணை அடியில் பரப்பி, மேலே ஆற்று மணலைக் கழுவிக் கழுவிப் போட்டார், நாடா மாதிரி நீளும் பாசியையும் அகல இலைச் செடியையும் ஓடையில் இடுப்பளவு இறங்கிப் பிடுங்கி வந்து நட்டார். அதற்குப் பிறகு மீனே இல்லாத தொட்டியை வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, என்னய்யா, தண்ணியில முகம் பாக்குறியா என்று கேட்டேன். செடி வேர் பிடிக்கணும், தண்ணி பழகணும், அவசரப்பட்டா எல்லாம் செத்துப்போயிடும் என்றார். ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தை. அதற்குப் பிறகு செடிக்கு வெயில் வேண்டும் என்று அவர் உன் ஜன்னலைத் திறந்தபோதும் திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கப்பி என்கிற குட்டி மீன்கள் வந்தன, அப்புறம் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன், உள்ளங்கை அகலம், கறுப்புக் கோடு போட்டது. பகலில் செடிகளே மீனுக்கு மூச்சு கொடுக்குமாம், ராத்திரியில் கரண்ட் இருக்கிற நேரத்துக்காவது இருக்கட்டும் என்று கைக்கடிகாரத்தைக் கொடுத்து தண்ணீருக்குள் குழாய் வழியாகக் காற்று ஊதும் ஒரு சின்ன மோட்டாரும் வாங்கி வந்தார். இதில் எனக்கு வந்த தலைவலி தண்ணீர். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போக வாளியில் திறந்து வைக்க வேண்டும் என்பார் இவர், திறந்த வாளியைப் பார்த்தால் வீடு வீடாக வரும் கொசு ஆய்வுக்காரி அபராதம் எழுதுவாள். அவளைக் கண்டதும் நான் வாளி மேல் பலகையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்குவேன், பாட்டி எழுந்திரிங்க என்பாள், இடுப்புப் பிடிச்சிருக்கு தங்கம் என்பேன். எத்தனை முறை நடக்கும் இந்த நாடகம், ஒரு முறை மாட்டினேன், மொத்தத் தண்ணீரையும் என் கண் முன்னாலேயே முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனாள். அந்த வாரத்தில்தான் ஏஞ்சல் மீன் முட்டையிட்டது, அகல இலையின் மேல் வரிசையாக, ரவையைக் கொட்டின மாதிரி. தாயும் தகப்பனும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். உன் அப்பா சோற்றுத் தட்டை அங்கேயே கொண்டு வரச் சொன்னார், சோறு ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

இந்த நேரத்தில் பின்தெருவில் ஒரு பையனுக்கு டெங்கு என்று சேதி வந்தது, மறுநாள் மத்தியானம் கொசு மருந்து அடிக்கிற புகைக்காரர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். பெரிய மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவன் ஒஸ்மானி, தொந்திக்காரன், வாய் ஓயாதவன். மைதெலின், நான் பயந்தது மீனுக்காக இல்லை, அவருக்காக. ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து அடித்து அவருக்கு வந்த இழுப்பு, புகை என்ற பேச்சே ஆகாது. இன்னொரு நாள் வாங்கப்பா என்று கெஞ்சினேன். ஒஸ்மானி, கொசு உங்க வீட்டுக்கு மட்டும் லீவு விடுமா தாயே, தொட்டிய ஈரத் துணி போட்டு மூடுங்க, முக்கால் மணி நேரம் தெருவுல நில்லுங்க, ஒண்ணும் ஆகாது என்றான். காலையிலிருந்து கரண்ட் கிடையாது, அறையே புழுங்குகிறது, உன் அப்பா வியர்க்க வியர்க்கத் தொட்டி மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு பக்கமும் நனைத்த துண்டைச் செருகி, பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்தினார். நான் அவரையும் நாற்காலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் எதிர்ச்சாரியில் நெரெய்டா வாசலில் உட்கார வைத்தேன். தெரு முழுக்க ஜனம், கிளிக்கூண்டோடு ஒருத்தி, சோற்றுப் பானையோடு ஒருத்தி. நம் வீட்டுக் கதவிடுக்கில் வெள்ளையாகப் புகை கசிய ஆரம்பித்தது. ஒஸ்மானி கதவைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குள் போனான், அந்த மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. உனக்குச் சொல்ல வேண்டுமா, தெரு முழுக்க வந்துருச்சு வந்துருச்சு என்று கூச்சல், எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் கத்துகிறது, நெரெய்டா கைதட்டிக்கொண்டே காபி போட ஓடுகிறாள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன், உன் அப்பா முகத்தில் ஈ ஆடவில்லை. மோட்டார், என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு விளங்கிவிட்டது. காலையிலிருந்து சத்தமில்லாமல் கிடந்த மோட்டார், அதன் வயரை யார் பிடுங்குவார்கள், அது இருக்கிற நினைப்பே இல்லை, நம் ஊரில் கரண்ட் இல்லாத நேரத்தில் எந்தப் பொருளைத்தான் நாம் பிடுங்கி வைக்கிறோம், வந்தவுடனே ஓடட்டும் என்று எல்லாவற்றையும் மாட்டித்தானே வைக்கிறோம். தொட்டியைத்தான் மூடினார், மோட்டார் வெளியே மேஜை மேல். அறையில் இருக்கிற விஷப்புகையை உறிஞ்சி, குழாய் வழியாக நேரே மீனுக்கு ஊதிக்கொண்டிருக்கிறது. மெயின் சுவிட்சும் வீட்டுக்குள்தான், சமையலறையில். அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்துவிட்டார். போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும், போகாதே என்று சொன்னால் கேட்கமாட்டார் என்றும் தெரியும். உக்காருய்யா, மிஷின்காரன்ட்ட முகமூடி இருக்கு, அவன அனுப்புறேன், நெரெய்டா, ஓடி வந்து இவரப் பிடிச்சுக்கோ என்றேன். ஒஸ்மானி இருந்த வீட்டுப் பக்கம் நாலு அடி நடந்தேன், அந்தச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது, உன் அப்பா கண்ணுக்கு மறைந்ததும் சந்து வழியாகத் திரும்பிப் பின்வாசல் குழாயில் தலைத்துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மாவைத் திட்டாதே, திட்ட வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். உள்ளே கண் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை, மருந்தில் கலக்கிற டீசல் நாற்றம் மூக்கை அடைக்கிறது, சமையலறை எந்தப் பக்கம் என்றே புரியவில்லை, முப்பது வருஷம் கூட்டிப் பெருக்கின வீடு. உன் கட்டில் முழங்காலில் இடித்தபோதுதான் உன் அறையில் நிற்கிறேன் என்று தெரிந்தது. மோட்டார் ர்ர் என்று ஓடுகிற சத்தத்தை வைத்து மேஜையைத் தடவி வயரைப் பிடித்து இழுத்தேன், நின்றது. ஜன்னல் கொக்கி கைக்கு வரவில்லை. மகளே, அந்த நிமிஷம் நான் பயந்தேன், நிஜமாகவே பயந்தேன், மீனுக்காக ஒருத்தி செத்தாள் என்று இந்தத் தெரு என்னை வைத்துச் சிரிக்குமே என்றுகூட நினைத்தேன். கொக்கி எப்படிக் கழன்றது என்று தெரியாது, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு தொங்கினேன், ஒஸ்மானி ஓடி வந்து இழுத்தான், கிழவிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, திரும்ப அடிக்கணும் இந்த வீட்டுக்கு என்று அவன் கத்துவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

கண்ணைத் திறந்தால் உன் அப்பா முன்னால் நிற்கிறார், நெரெய்டாவை உதறிவிட்டுத் தெருவைத் தாண்டி வந்திருக்கிறார், மூச்சு விசிலடிக்கிறது, உதடு நீலம். மீனைக் கேட்பார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்து உலுக்கினார், மூச்சு மூச்சாகச் சொன்னார், எங்கிட்ட சொல்லாம போற. இந்த வீட்டுல எல்லாரும் எங்கிட்ட சொல்லாமலே போறீங்க. அதோடு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒஸ்மானிதான் சைக்கிள் டாக்ஸியை மறித்தான், இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கி ஏற்றினார்கள், இவர் அந்த நிலையிலும் நெரெய்டாவைப் பார்த்துத் தாழித் தண்ணி, தாழித் தண்ணி என்று கையை ஆட்டுகிறார். அவள் முற்றத்தில் மூடி போட்ட மண் தாழியில் பிடித்த மழைத்தண்ணீர்தானே இந்தத் தெருவிலேயே மருந்து விழாத தண்ணீர். டாக்ஸிக்காரன் மிதிக்கிறான், கல் ரோட்டில் எலும்பு ஆடுகிறது, நான் இருமுகிறேன், அவருக்கு இழுக்கிறது. தேவாலயத்தைத் தாண்டினபோது, உன்ட்ட சொல்லியிருந்தா விட்டிருப்பியா என்று நான்தான் கேட்டேன். விட்டிருக்க மாட்டேன் என்றார். பிறகு டாக்ஸிக்காரன் முதுகைப் பார்த்துக்கொண்டே, அவளையும் விட்டிருக்க மாட்டேன், என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், மைதெலின், நீ போன அன்றைக்கு வராத அழுகை. டாக்ஸிக்காரன் நல்ல பையன், திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் குழாய் மாட்டி மருந்துக் காற்று கொடுத்தார்கள், முதலில் அவருக்கு, அப்புறம் எனக்கு. விடிய விடிய வைத்திருந்து காலையில் விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கப்பிகள் எல்லாம் செத்துப்போயிருந்தன, முட்டைகளும் வெளுத்துவிட்டன. ஏஞ்சல் ஜோடி மட்டும் செடிக்குள் சாய்ந்து கிடந்து செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. நெரெய்டா தாழியில் பாதியைக் காலி பண்ணிக் குடம் குடமாகத் தண்ணீர் மாற்றியிருக்கிறாள், அவள் நாக்கை நான் என்ன சொன்னாலும் அந்தக் கையை மறக்கமாட்டேன். இப்போது இரண்டும் நிமிர்ந்து நீந்துகின்றன. நேற்றிலிருந்து அதே அகல இலையை மாறி மாறி வாயால் துடைக்கின்றன, முட்டையிடப் போகின்றனவாம், உன் அப்பா சொன்னார், சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டே சொன்னார், சாப்பிட்டும் விட்டார்.

உனக்கு நான் சொல்லவேண்டியது இதுதான். வேலை முடிந்து இருட்டில் தனியாக வராதே, கனமான கம்பளி வாங்கிக்கொள், அங்கே பாலும் கறியும் நல்லதாம், வாயைக் கட்டாதே. நெரெய்டா மருமகன் திரும்பி வரும்போது அப்பாவின் மூச்சு மருந்து இரண்டு குப்பி கொடுத்து அனுப்பு, இங்கே மருந்துக்கடையில் அலமாரிதான் இருக்கிறது. மறந்துவிடாதே. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் செய். நான் அந்த நேரத்துக்கு வேண்டுமென்றே நெரெய்டா வீட்டுக்குப் போய்விடுவேன், அவரிடமும் சொல்லிவிட்டேன், மணி அடித்தால் நீதான் எடுக்கணும் என்று. அவர் முற்றத்துக்குப் போய்விடவில்லை, நேற்று போன் இருக்கும் மேஜை அருகே நாற்காலியைக் கொண்டு வந்து போட்டிருக்கிறார். எடுத்ததும் மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, அவருக்குத் தாங்காது, உனக்கும் தாங்காது. மீன் முட்டையிட்டுதாப்பா என்று கேள்.

கரிதாத் மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ படுக்கும் இடமும் உண்ணும் சோறும் நன்றாக இருக்கட்டும்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
ஸொராய்தா