உனக்குப் போடாத நாற்காலி

என் ஆசைத் தம்பி ஏழுமலைக்கு,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகிறது. பேச்சு வராத என் பொன்னி இன்னும் காலையில் பையை மாட்டிக்கொண்டு உனக்காக வாசலில் நிற்கிறாள். செய்யூர் பஸ்ஸில் அவளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவன் நீதானே? நான் கையைப் பிடித்தால் உதறுகிறாள். "மாமா வரமாட்டாருடி" என்று எத்தனை தடவைதான் சொல்வேன்?

நேற்று மதுராந்தகம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு வரச்சொன்னார்கள். இந்த வருஷம் அவளுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று உட்கார்ந்து பேசி எழுதுகிற கூட்டம். டீச்சர், பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா, நான், உன் மாமா.

"பொன்னி தாடையைத் தேச்சிக்கினே கதவைப் பாக்குறா. நமக்குப் புரியலன்னா தலையில அடிச்சிக்கிறா. அது என்னன்னு தெரிஞ்சாத்தான் மேல எழுத முடியும். வீட்ல எப்படிப் புரிஞ்சிக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

நான் உன் மாமாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லையடா.

போன வருஷக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? "புள்ளையோட இருக்கிறவங்க எல்லாரும் வரலாம்மா, படிச்சிருக்கணும்னு இல்ல" என்றார் டீச்சர். "வேற யாரும் இல்ல டீச்சர்" என்றேன் நான். நீ சவுக்குத் தோப்பிலிருந்து நேராக வந்து, பட்டைத் தூள் ஒட்டிய லுங்கியோடு, அவள் சாப்பாட்டுக் கூடையைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே நின்றாய். ஆபீசில் வேலை பார்க்கிற திமிர் எனக்கு. என் வாயில் மண் விழ.

"இன்னாக்கா எழுதனாங்க?" என்று பஸ்ஸில் கேட்டாய்.

"உனக்குப் புரியாதுடா."

சிரித்தாய். ஏன்டா சிரித்தாய்? சண்டை போட்டிருக்கலாமே.

காது குத்தும்போது தாய்மாமன் மடிதான் வேண்டும் என்று உன்னை மணையில் உட்காரவைத்தேன். அவள் படிப்பை எழுதும்போது உனக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

திரும்பும்போது நம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அழுதுவிட்டேன். "அதுவாம்மா? பாப்பா தாடையைத் தேச்சா உன் தம்பி அது காதுல இன்னாமோ சொல்வாரு. ஒடனே அடங்கிடும்" என்றார்.

"இன்னா சொல்வாரு அண்ணே?"

"அது தெரியலியேம்மா."

என்னடா சொன்னாய்? ஒரு சொல்லா, ஒரு பாட்டா? அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாயே, பாவி.

அடுத்த கூட்டத்துக்குக் கண்டக்டரையும் கூப்பிட்டிருக்கிறேன். "நானு இன்னாத்துக்கும்மா அங்க?" என்று கூச்சப்பட்டார். பிறகு டியூட்டி மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன் ஏழுமலை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன் பெயரைச் சொல்வேன், நான் சொன்ன பொய்யையும் சொல்வேன். பொன்னி தாடையைத் தேய்க்கிறபோதெல்லாம் அவள் காதில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பேன், நீ சொன்னது அகப்படும் வரைக்கும்.

உன்னை வெளியே நிற்கவைத்த
அக்கா