எந்தப் பக்கமும் மாற்றலாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் உடம்பும் அம்மாவின் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன?

குளிர்க்கிடங்கில் வேலை முடிந்ததும் நேரே போய் நீங்கள் கேட்ட தூண்டிலை வாங்கிவிட்டேன். ஏரிக் கெண்டைக்கும் ஆற்று விராலுக்கும் ஒன்றே போதும் என்றேன். ரொம்ப விறைப்பும் இல்லாத, ரொம்ப வளையவும் செய்யாத கம்பாகக் கடைக்காரர் எடுத்தார். நரம்பு சுற்றும் ரீலைப் பொருத்தும்போது, "அப்பா எந்தக் கையால சுத்துவாரு?" என்று கேட்டார்.

"வாதம் வந்ததுலேர்ந்து ஒரு கை சரியா வராதுங்க."

"எந்தக் கை?"

எனக்குத் தெரியவில்லை அப்பா. வாராவாரம் போனில் "கை எப்படிப்பா இருக்கு?" என்கிறேன். "தேவலைம்மா" என்கிறீர்கள். அத்தோடு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். உங்களுக்கு வாதம் வந்தபோது, லீவு தரவில்லை, வர முடியாது என்று நான் சொன்னது நிஜம்தான். மறுபடி ஒருதரம் நான் கேட்டிருக்கலாம்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா, இந்தக் கைப்பிடிய எந்தப் பக்கமும் மாத்திக்கலாம்" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

பதிலை அம்மாவிடம் சொல்லி எழுத வைக்காதீர்கள். கோணல்மாணலாக இருந்தாலும் நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். எந்தக் கையால் எழுதினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

உங்கள் மகள்