கழற்ற முடியாத சைலன்சர்

அப்பாவுக்கு,

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

நேற்று பட்டறையில், எஞ்சின் முதல் புகைக்குழாய் வரை மாற்றி வேகம் கூட்டிய கார் ஒன்றைச் சத்தச் சோதனைக்குத் தயார் செய்தேன்.

"சைலன்சரை போல்ட்டுல மாட்டு. டெஸ்ட் முடிஞ்சதும் கழட்டிக்குவாங்க. சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுய்யா, படிப்பாளி!" என்றார் முதலாளி.

"கழட்டப் போறதுக்கு நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?" என்று, போல்ட்டுக்குப் பதில் கழற்ற முடியாதபடி வெல்டே வைத்துவிட்டேன். கார் தேறியது, பிறகுதான் கையெழுத்திட்டேன்.

அம்மாவை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். போனில் அவள் குரல் சரியாகக் கேட்பதில்லை.

வீட்டில் என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்க நீங்கள் அனுப்பிய பத்திரத்தை, கையெழுத்திடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன். கையெழுத்து இருந்தால் தம்பி அதைப் பார்த்து, பத்திரத்தில் எனக்காகப் போட்டுப் பழகிவிடுவான்.